கடலுக்குப் போன காற்று

சென்னியப்பனுக்கு ஊரில் யார் பேச்சிலும் முழு நம்பிக்கை கிடையாது. தீவனக் கம்பெனிக்காரன் சொன்னால் பாதியை எடுத்துக்கொள்வார். கால்நடை மருத்துவர் சொன்னால் முக்காலைக் கேட்டுக்கொள்வார். மனைவி மதுமதி காற்றைப் பற்றி ஏதாவது சொன்னால் மட்டும் அப்படியே நம்பிவிடுவார். டீக்கடையில் யாராவது, "ஏனுங்க, இந்த வருசம் காத்து எப்பக் கெளம்பும்?" என்று கேட்டால், "எங்கூட்டுல கேட்டுட்டு வாரேன் இருங்க" என்பார். விளையாட்டாகச் சொல்வதாக மற்றவர்கள் நினைப்பார்கள். அவர் உண்மையாகவே வீட்டுக்கு வந்து கேட்பார்.

மதுமதி நாமக்கல்லில் ஒரு தனியார் மேல்நிலைப் பள்ளியில் புவியியல் ஆசிரியை. அவர்களுடைய கோழிப்பண்ணை புதுச்சத்திரத்துக்கு மேற்கே, ஊரை விட்டுத் தள்ளி, வீட்டை ஒட்டியே இருந்தது. தரையிலிருந்து தூண் போட்டு உயர்த்திக் கட்டிய இரண்டு நீளமான ஷெட்டுகள். பக்கவாட்டில் சுவர் இல்லை, கம்பி வலைதான். மேலே சிமென்ட் அட்டைக் கூரை. அப்படிப்பட்ட ஷெட்டில் கோழி உயிரோடிருப்பதே காற்றின் தயவில்தான். வெயில் எத்தனை அடித்தாலும் குறுக்கே காற்று ஓடினால் கோழி தாங்கிக்கொள்ளும். காற்று நின்றால் தாங்காது.

மனைவியின் காற்றுப் பேச்சில் அவருக்கு அந்த நம்பிக்கை கல்யாணமான முதல் வருஷத்தில் தொடங்கியது. ஆனி மாதத்தில் ஒரு சாயங்காலம் இரண்டு பேரும் மேற்கு ஷெட்டின் ஓரத்தில் நின்றிருந்தார்கள். மதுமதியின் புடவைத் தலைப்பைக் கையில் பிடித்துவைக்க முடியாத அளவுக்குக் காற்று.

"இது எங்கிருந்து வருதுன்னு தெரியுமா அம்மிணி? பாலக்காட்டுக் கணவாய்ல இருந்து வருது" என்றார் சென்னியப்பன், புது மனைவிக்கு ஊரைக் காட்டும் பெருமையோடு.

"அதுக்கு முன்னாடி எங்க இருந்துச்சுங்க?"

"கடல்ல."

"அதுக்கும் முன்னாடி?"

அவருக்குத் தெரியவில்லை. மதுமதி சிரித்துக்கொண்டே சொன்னாள். "பூமி உருண்டைங்களா? நடுவுல வெயில் நேரா உழுகுது. மேல கீழ போகப் போகச் சாஞ்சு உழுகுது. அதனால நடுவுல சூடு எச்சு, ஓரத்துல கம்மி. சூடான காத்து லேசாகி மேல போயிரும். அது போன எடத்துக்குப் பக்கத்துக் காத்து ஓடி வரும். ஒரே மாதிரி சூடானா உலகத்துல காத்தே இருக்காதுங்க."

"அப்பறம்?"

"வெயில் வடக்க நகர நகர அந்தச் சூட்டு எடமும் நம்ம பக்கம் நகருது. அதைத் தேடிக்கிட்டு தெக்க மடகாஸ்கர் பக்கத்துல இருந்து, பூமத்திய ரேகையைத் தாண்டிக் காத்து வருது. பூமி சுத்தறதுனால நேரா வராம வளைஞ்சு வருது. வந்தா மேற்கு மலை மறிச்சுக்குது. பாலக்காட்டுல மட்டும் மலையில சந்து. அதுல புகுந்து நம்ம ஊட்டுக்கு வந்துருது."

சென்னியப்பன் கோழிகளைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, "அப்ப இந்தக் கோழி றெக்கையைத் தூக்கிவிடறது மடகாஸ்கர் பக்கத்துக் காத்தா?" என்று கேட்டார். "ஆமாங்க" என்றதும் அவர் முகத்தில் வந்த வியப்பை மதுமதி இத்தனை வருஷமும் மறக்கவில்லை. எந்த வகுப்பிலும் எந்த மாணவனும் அப்படி அவள் சொன்னதை வாங்கிக்கொண்டதில்லை.

அன்றைக்கு அவள் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. மேலே போன காற்று எங்காவது கீழே இறங்கித்தான் ஆக வேண்டும். அது பாடத்தில் அடுத்த பக்கம். அந்தச் சாயங்காலத்துக்கு அது தேவைப்படவில்லை.

இந்த வருஷம் சித்திரையில் கோடை மழை ஒன்றுகூடப் பெய்யவில்லை. வைகாசி பிறந்தும் மேற்கிலிருந்து ஓர் அசைவும் இல்லை. காலை எட்டு மணிக்கே கூரை காய்ந்து, அதன் கீழே நின்றால் தலைக்கு மேல் அடுப்பு எரிவது போல இருந்தது. தினமும் மத்தியானத்துக்கு மேல் சில கோழிகள் சாய்ந்தன. பண்ணையாள் காளியப்பன் அவற்றைச் சாக்கில் போட்டு எடுத்துப் போவான். மேச்சேரிப் பக்கத்து ஆள், மனைவி இறந்தபின் பண்ணையிலேயே தங்கிவிட்டவன். செத்த கோழியை எடுக்கும்போது அவன் எதுவும் பேசமாட்டான். நாலைந்து என்று இருந்தது ஒரு சாக்கு என்று ஆனபோதும் பேசவில்லை. சாக்கை மட்டும் மதுமதியின் கண்ணில் படாமல் பின்பக்கமாகக் கொண்டுபோனான்.

அந்த வாரத்தில்தான் கோகுல்ராஜ் வந்தான். வயதான கோழிகளைக் கேரளாவுக்கு ஏற்றும் வியாபாரி.

"அண்ணா, மேற்கு ஷெட்டுக் கோழியை ஏத்தி உட்டுருங்க. கெழக்கால ஷெட்டுல பாதியை இங்க மாத்தி, ஒரு கூண்டுக்கு ரண்டு ரண்டா உட்டீங்கன்னா தாங்கும். இன்னைக்கு எங்கிட்ட வண்டி நிக்குது. நாளைக்கு எல்லாப் பண்ணையும் என்னயக் கூப்புடும்."

சென்னியப்பனுக்கும் அது சரியென்றே பட்டது. ஆனால் மேற்கு ஷெட்டுக் கோழிகள் வயதானாலும் இன்னும் நன்றாக முட்டை இட்டுக்கொண்டிருந்தன. அவர் வழக்கம்போல மனைவியைப் பார்த்தார். மதுமதி ஏற்கெனவே கைபேசியில் உலகக் காற்றுப் படத்தைத் திறந்து வைத்திருந்தாள். காற்று போகிற வழியெல்லாம் மெல்லிய பச்சை இழைகளாக ஓடும் படம் அது. அரபிக்கடலின் தெற்கில் இழைகள் நெருக்கமாக, ஒரே திசையில், கேரளக் கரையை நோக்கி வந்துகொண்டிருந்தன. பார்க்கும்போதே அவள் மேல் காற்றுப் பட்டது போல இருந்தது.

"வெள்ளிக்கெழமைக்குள்ள கணவாயைத் தாண்டிரும்னு தோணுதுங்க. இத்தனை சூடு ஏறிக் கெடக்கற எடத்துக்குக் காத்து வராம எங்க போகும்?"

சென்னியப்பன் உடனே கோகுல்ராஜ் பக்கம் திரும்பினார். "வேண்டாம் கோகுலு. இன்னும் ரண்டு நாள்தான். நீ வேற எடத்துக்குப் போ."

"டீச்சரே சொல்லிட்டாங்கன்னா சரிங்கண்ணா" என்று அவன் வண்டியைத் திருப்பிக்கொண்டு போனான்.

மறுநாள் காலையில் அடுப்பில் பால் காய்ந்துகொண்டிருக்கையில் மதுமதி மறுபடியும் படத்தைத் திறந்தாள். ஒரு கணம் வேறு நாட்டைப் பார்க்கிறோமோ என்று நினைத்தாள். அந்தமானுக்கு மேற்கே, வங்கக்கடலின் நடுவில் ஒரு சுழி விழுந்திருந்தது. நேற்று கேரளக் கரையைத் தொடப் போன இழைகள் எல்லாம் கரையை விட்டு விலகி, இலங்கைக்குத் தெற்கே வளைந்து, அந்தச் சுழிக்குள் போய்க்கொண்டிருந்தன. தமிழ்நாட்டின் உள்பகுதியில் இழையே இல்லை. சேலம், நாமக்கல், கரூர் என்று விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். கறுப்பாக இருந்தது.

பால் பொங்கி அடுப்பை அணைத்தது. அவள் அப்படியே நின்றாள். வரப்போவதைப் புரிந்துகொள்ள அவளுக்கு நேரம் தேவைப்படவில்லை. இந்த வருஷம் கடல் அளவுக்கு மேல் சூடேறியிருந்தது. அங்கே ஈரக்காற்று மேலே எழும்புகிறது. எழும்பும் வேகத்தில் சுற்றிலும் இருக்கும் காற்றையெல்லாம் இழுக்கிறது. மேலே போனது இந்தச் சமவெளியின் தலைமேல் இறங்கும். இறங்கும் காற்று அமுங்கும். அமுங்கினால் இன்னும் சூடாகும். தரையிலிருந்து எழும்பப் பார்க்கும் காற்றை அது மேலே விடாது. 'தெளிந்த வானம், அமைதியான காற்று' என்று காற்று இறங்கும் இடத்துக்கு விளக்கமாக வருஷா வருஷம் கரும்பலகையில் எழுதியிருக்கிறாள். இரண்டு மதிப்பெண் கேள்வி. அந்த அமைதி என்ற சொல்லுக்குள் என்ன இருக்கிறது என்று ஒருநாளும் நின்று யோசித்ததில்லை.

சொல்லிவிட வேண்டும் என்றுதான் பண்ணைக்குப் போனாள். சென்னியப்பன் மேற்கு வலையில் ஈரச் சாக்குகளைக் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டிருந்தார். காளியப்பன் கீழிருந்து நனைத்து நனைத்துக் கொடுத்தான்.

"இன்னைக்கு ஒரு நாள் தள்ளிட்டம்னா போதும் காளியப்பா. நாளைக்கு இந்தச் சாக்கை அவுக்கறதுக்கு நீயே பாடுபடுவ பாரு, காத்துல புடிக்க முடியாது" என்று சொல்லிக்கொண்டிருந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. முகத்தில் அத்தனை நிம்மதி.

மதுமதியை அவர் திரும்பிப் பார்த்தார். "என்ன அம்மிணி?"

"டீ கொண்டாந்தேனுங்க" என்றாள். பிறகு தம்ளரைக் கொடுத்துவிட்டு, "கொஞ்சம் தள்ளிப் போகுமாட்டம் இருக்குதுங்க" என்றாள்.

"தள்ளிப் போனாப் போகட்டும். வாரது வந்தாச் சரி."

அந்த நேரத்தில் கோகுல்ராஜைக் கூப்பிட்டிருந்தால் வண்டி கிடைத்திருக்கலாம். கிடைக்காமலும் போயிருக்கலாம். அவள் காலித் தம்ளரை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். இன்னும் ஒரு மணி நேரம் பார்ப்போம், படம் மாறினாலும் மாறும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். படம் மாறவில்லை.

பதினோரு மணிக்குமேல் எதுவும் அசையவில்லை. தென்னை மட்டைகள் சுவரில் வரைந்தவை போல நின்றன. கிழக்கே கொல்லிமலை கண்ணுக்கே தெரியாமல் வெள்ளை வெயிலுக்குள் போயிருந்தது. வானத்தில் துணுக்கு மேகம் கிடையாது.

கோழிகள் வாயைத் திறந்து மூச்சு வாங்கின. இறக்கைகளை உடம்பை விட்டு விலக்கி வைத்துக்கொண்டு, கழுத்தை நீட்டி, வலைப் பக்கமாகவே எல்லாம் திரும்பி நின்றன. குழாய்த் தண்ணீர் கையை வைக்க முடியாத சூடு. மேலே குழாயிலிருந்து பூந்தூறலாகத் தண்ணீர் தெளிக்கும் ஃபாகரைப் போட்டுவிட்டிருந்தார்கள். ஆனால் அதன் ஈரத்தைக் கொண்டுபோகக் காற்று வேண்டுமே. இல்லாததால் ஷெட்டுக்குள் இட்லிச் சட்டியைத் திறந்தது போல ஆவி கட்டியது. "நிறுத்து, நிறுத்து, அவிஞ்சு போயிரும்" என்று சென்னியப்பன் ஓடினார். அவர் நிறுத்துவதற்குள் கரண்டே போய்விட்டது. சுற்றுவட்டாரத்தில் எல்லாப் பண்ணையும் எல்லா மோட்டாரையும் ஓட்டியதில் டிரான்ஸ்பார்மர் தாங்கவில்லை. ஜெனரேட்டரை எடுத்தார்கள். கொஞ்ச நேரம் ஓடி, காய்ந்த வாடை அடித்து நின்றது. ஒன்றிரண்டு மின்விசிறிகள் சுற்றிக்கொண்டிருந்தன, அவையும் நின்றன.

முதலில் மேற்கு ஷெட்டின் நடு வரிசையில் சாயத் தொடங்கின. கத்தவில்லை, துடிக்கவில்லை. கழுத்து மட்டும் கூண்டுக் கம்பிக்கு வெளியே தொங்கியது. பிறகு பக்கத்துக் கூண்டு. அதற்குப் பக்கத்துக் கூண்டு.

"கூரையைக் குளுத்தியாப் பண்ணோணும்" என்றார் சென்னியப்பன். "காளியப்பா, ஓலையை நனைச்சு மேல வீசு. நான் ஏறிப் பரப்பறேன்." ஏணியை இழுத்து நிமிர்த்தினார்.

மதுமதி அவர் கையைப் பிடித்தாள். "காத்து வராதுங்க."

"நாளைக்குத்தானே வருதுன்னே."

"நாளைக்கும் வராது. நாளான்னைக்கும் வராது. கடல்ல புயல் கட்டியிருக்குதுங்க. எல்லாம் அங்க போயிருச்சு."

"எப்பப் பார்த்தே?"

"காலையில."

ஏணி பாதி நிமிர்ந்தபடி அவர் தோளில் நின்றது. அவர் கோபப்படுவார் என்று அவள் காத்திருந்தாள். அவருக்குக் கோபம் வரவில்லை. ஒன்றும் விளங்காதவர் போல, "கடலுக்கு என்னத்துக்கு அம்மிணி காத்து? அங்க என்ன கோழியா வளக்கறாங்க?" என்று கேட்டார்.

அவள் அவர் கையை விடாமலே சொன்னாள். "அங்க மேல போற காத்துத்தானுங்க நம்ம தலை மேல எறங்குது. மூடி போட்ட மாதிரி அமுத்துது. நம்ம மண்ணு எவ்வளவு வெந்தாலும் இங்கிருந்து ஒண்ணும் மேல போகாது."

"மேல போகலீன்னா, அந்த எடத்துக்குப் பக்கத்துக் காத்து வராது."

"ஆமாங்க."

"அப்படிச் சொல்லு" என்றார். அவருக்குப் புரிந்துவிட்டது. எப்போதும்போல உடனே, முழுவதுமாகப் புரிந்துவிட்டது. "சரி. வராதுன்னு தெரிஞ்சும் நின்னுக்கிட்டு இருந்தா என்ன ஆகும்? ஏணியைப் புடி."

"வேண்டாமுங்க. போனது போகட்டும். எறங்குங்க."

அவர் அதற்குள் பாதி ஏணி ஏறியிருந்தார்.

அட்டைக் கூரையில் கண்ட இடத்தில் கால் வைக்க முடியாது, உடைந்து உள்ளே விழுந்துவிடும். கீழே இரும்புச் சட்டம் ஓடும் ஆணி வரிசை மேலேயே நடக்க வேண்டும். சென்னியப்பன் அப்படி நடந்து, காளியப்பன் எறிந்த ஈர ஓலைகளை ஒவ்வொன்றாகப் பரப்பினார். பரப்பி முடிப்பதற்குள் முதல் ஓலை காய்ந்தது. திரும்பி வந்து வாளித் தண்ணீரை அதன் மேல் ஊற்றினார். மறுபடி நடந்தார். மதுமதி கீழே நின்று, "வந்துருங்க, ஏனுங்க, வந்துருங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். காளியப்பனும், "அண்ணனுங்க, நான் ஏறறனுங்க, நீங்க எறங்குங்க" என்றான். அவர் கையை மட்டும் ஆட்டினார்.

இதற்கிடையில் ஷெட்டுக்குள் சத்தம் குறைந்துகொண்டே வந்தது. ஆயிரக்கணக்கான கோழிகள் ஓயாமல் கொக்கரிக்கும் சத்தத்தில் வாழ்ந்தவர்கள் அவர்கள். கல்யாணமான நாளிலிருந்து மதுமதி அந்தச் சத்தத்தில்தான் தூங்கினாள், அந்தச் சத்தத்தில்தான் விடைத்தாள் திருத்தினாள். அது நின்றுபோகக்கூடிய ஒன்று என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை. இப்போது அங்கொன்றும் இங்கொன்றுமாக முனகல்தான் கேட்டது.

மேலே சென்னியப்பன் நின்றுவிட்டார். கையில் இருந்த ஓலை நழுவியது. சட்டை காய்ந்திருந்தது. இவ்வளவு வெயிலில் சட்டை எப்படிக் காயும் என்று மதுமதி நினைத்தாள். பிறகுதான் அவருக்கு வியர்ப்பது நின்றுபோயிருக்கிறது என்று புரிந்தது.

அவர் மேற்கே பார்த்துக்கொண்டிருந்தார். சிரித்தார். "வந்துருச்சு அம்மிணி!" என்று கத்தினார். "வந்துருச்சு! பாரு, எப்படி அடிக்குதுன்னு! காளியப்பா, சாக்கை அவுரு!"

ஓர் இலைகூட அசையவில்லை. அவர் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு நின்றார். காற்றில் நிற்பவர் நிற்பதுபோலவே உடம்பைச் சற்று முன்னே சாய்த்து நின்றார். பிறகு முழங்கால் மடிந்து ஆணி வரிசையின் மேல் உட்கார்ந்தார். அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தார்.

காளியப்பனும் பக்கத்துத் தோட்டத்து ஆட்கள் இருவரும் கயிறு கட்டி அவரை இறக்கினார்கள். உடம்பு தொட்டால் சுட்டது. தலையில் ஊற்றிய தண்ணீரும் சூடாகவே இருந்தது. மதுமதி முந்தானையை நனைத்து விசிறினாள். அந்தப் பரந்த வெளியில் அவள் கை வீசிய இடத்தில் மட்டும் காற்று இருந்தது. கையை நிறுத்தினால் அதுவும் இல்லை.

நாமக்கல் மருத்துவமனையில் பார்த்துவிட்டுச் சேலத்துக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். அங்கே அஸ்தம்பட்டியில் ஒரு மருத்துவமனையில் சேர்த்தார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவின் கதவுக்கு வெளியே, வரிசையாகப் போட்டிருந்த இரும்பு நாற்காலிகளில் ஒன்றில் மதுமதி உட்கார்ந்தாள். உள்ளே ஏசி ஓடியது. கதவு திறக்கும்போதெல்லாம் குளிர் காலில் பட்டது. அதை அவளால் தாங்க முடியவில்லை. காலைப் புடவைக்குள் இழுத்துக்கொண்டாள்.

காளியப்பன் போன் செய்தான்.

"டீச்சருங்க... மேற்கால ஷெட்டு சுத்தமாப் போச்சுங்க. கெழக்கால ஒரு ஓரத்துல கொஞ்சம் இருக்குது. அதுவும் நிக்காதுங்க." பிறகு கேட்டான். "நாத்தம் எடுத்துருமுங்க. ஜேசிபி வெச்சுக் குழி எடுத்தறட்டுங்களா?"

"எடுத்துருங்க. சுண்ணாம்பு போடுங்க" என்றாள்.

கோயம்புத்தூரில் படிக்கும் மகள் தனப்பிரியா பஸ் பிடித்து வந்து சேர்ந்தாள். அப்பாவைக் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டு வந்து அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். வழியிலேயே யாரோ அவளிடம் எல்லாம் சொல்லியிருந்தார்கள்.

"அம்மா, கோழி ஏத்தற வண்டி வந்துச்சாமே. நீதான் வேண்டாம்னியா?"

"ஆமா சாமி."

"எதுக்கும்மா?"

"காத்து வரும்னு நெனச்சேன்."

"வராதுன்னு தெரிஞ்ச ஒடனே அப்பாகிட்டச் சொன்னியா?"

தனப்பிரியா அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு எழுந்து எதிர்வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டாள். அங்கிருந்து அம்மாவைப் பார்க்கவும் இல்லை, வேறு எங்கும் பார்க்கவும் இல்லை. வகுப்பில் எத்தனையோ பிள்ளைகளின் கேள்விகளுக்குப் பதில் வைத்திருந்தவள், தன் மகள் கேட்ட அந்த ஒன்றுக்குப் பதில் தேடிக்கொண்டு நாற்காலியில் இருந்தாள்.

சென்னியப்பன் பிழைத்துக்கொண்டார். மருத்துவர் ஜெனிட்டா, இளம்பெண், அம்மாவையும் மகளையும் தன் அறைக்கு அழைத்து ஸ்கேன் படத்தைக் காட்டினார்.

"உயிருக்குப் பயமில்லை. ஆனா உடம்புச் சூடு ரொம்ப நேரம் உச்சத்துலயே இருந்துடுச்சு. சிறுமூளை அடிபட்டிருக்கு. நாம நிக்கறது, நடக்கறது, தடுமாறாமப் பேசறது, ஒரு டம்ளரை வாய்க்குக் கொண்டுபோறது, இதுக்கெல்லாம் அதுதான்."

"சரியாயிருமுங்களா?" என்று தனப்பிரியா கேட்டாள்.

"கொஞ்சம் தேறலாம். பயிற்சி கொடுக்கணும். பழையபடி ஆகும்னு என்னால சொல்ல முடியாது." மருத்துவர் மதுமதியைப் பார்த்தார். "இன்னும் கொஞ்ச நேரம் முன்னாடியே நிழலுக்குக் கொண்டுவந்திருந்தா..." என்று ஆரம்பித்து, அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

புயல் வடக்கே எங்கேயோ போய்க் கரையேறிக் கலைந்தது. அதற்குப் பிறகு ஒரு காலையில் ஏற்காடு சாலையின் மரங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் அசைந்தன. மருத்துவமனை வாசலில் புழுதி எழும்பியது, யாருடைய தொப்பியோ உருண்டு ஓடியது, காவலாளி சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றிவிட்டு, "அப்பாடா, வந்துச்சுடா சாமி" என்றான். மாடி நடையில் நின்றிருந்த நோயாளிகளின் சொந்தக்காரர்கள் ஜன்னலுக்கு வந்து முகத்தைக் காட்டினார்கள். மதுமதியும் பார்த்தாள். தென்மேற்குக் காற்று. எங்கிருந்து கிளம்பி எந்த வழியாக வந்தது என்று ஒவ்வோர் அடியும் அவளுக்குத் தெரியும். அது யாருக்காகவும் வரவில்லை. யாரையும் தண்டிக்க நிற்கவும் இல்லை. வெப்பம் ஓர் இடத்தில் கூடியது, இன்னோர் இடத்தில் குறைந்தது, அவ்வளவுதான். திட்டுவதற்கு அதில் ஓர் ஆள் இருந்திருந்தால் நன்றாக இருக்கும் என்று நினைத்தாள். ஜன்னலைச் சாத்திவிட்டு உள்ளே போனாள்.

சென்னியப்பனுக்கு நினைவு வந்திருந்தது. நாக்கு கனத்து, வார்த்தைகள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தன. அவர் முதலில் கேட்டது கோழிகளை.

"கோ...ழி?"

மதுமதி வாய் திறப்பதற்குள் தனப்பிரியா முந்திக்கொண்டாள். "இருக்குதுப்பா. காளியப்பன் பாத்துக்கறான். நீங்க பேசாதீங்க." சொல்லிவிட்டு அம்மாவை ஒரு பார்வை பார்த்தாள். மதுமதி தலையைக் குனிந்துகொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் உறவுக்காரர்கள் வந்து போனார்கள். எல்லார் முன்னாலும் சென்னியப்பன் திக்கித் திக்கி ஒன்றையே சொன்னார். "அவ... கரெட்டாத்தான் சொன்னா. காத்து... வந்துச்சு. நாள்தான்... தள்ளி..." வந்தவர்கள் தலையை ஆட்டினார்கள். மதுமதி சமையலறைக்குள் போய்க் கதவுக்குப் பின்னால் நின்றாள். அவர் ஒருமுறை திட்டியிருந்தால், ஒரே ஒருமுறை கையில் கிடைத்ததை எடுத்து எறிந்திருந்தால், அவளால் மூச்சு விட முடிந்திருக்கும். எறியவும் அந்தக் கைக்கு வராது.

தனப்பிரியா கல்லூரிக்குத் திரும்பிப் போனாள். பள்ளி திறந்தும் மதுமதி நீண்ட விடுப்பில் இருந்தாள். காளியப்பன் சில வாரம் இருந்து பார்த்தான். கூண்டுகளைக் கழுவினான், தூண்களுக்குச் சுண்ணாம்பு அடித்தான், பிறகு செய்ய ஒன்றுமில்லை. குமாரபாளையத்தில் தறி ஓட்டும் அக்கா மகன் கூப்பிடுவதாகச் சொன்னான். போகும்போது சென்னியப்பனின் கட்டிலுக்குப் பக்கத்தில் போய் நின்றான். "வாரனுங்க அண்ணா" என்றான். அண்ணன் கையைத் தூக்க முயல்வதைப் பார்த்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே போய்விட்டான்.

ஆனி மாதத்தில் ஒருநாள் மத்தியானம் மதுமதி துணி அலசிவிட்டு வந்து பார்த்தபோது கட்டிலில் அவர் இல்லை. நடை பழகுவதற்காக வாங்கிய கைத்தாங்கி வாசற்படியில் கவிழ்ந்து கிடந்தது. ஓடினாள். வீட்டுக்கும் மேற்கு ஷெட்டுக்கும் நடுவில், மண்ணில், அவர் முழங்கையை ஊன்றி ஊர்ந்துகொண்டிருந்தார். கைலி முட்டியில் கிழிந்து ரத்தம் தெரிந்தது. ஷெட்டின் வாசல்வரை போய்விட்டார். தலையை நிமிர்த்தி உள்ளே பார்த்தார்.

காற்று குறுக்கே பாய்ந்து ஓடியது. கதவுகள் திறந்த காலிக் கூண்டுகள் ஒன்றோடொன்று தட்டிக்கொண்டன.

"மது" என்றார். வெகுநாளைக்குப் பிறகு தெளிவாக வந்த ஒரே சொல்.

அவள் மண்ணில் உட்கார்ந்து அவர் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஒண்ணுகூட இல்லீங்க" என்றாள். "எல்லாம் அன்னைக்கே போச்சு. நான் காலையிலயே சொல்லியிருந்தா கொஞ்சமாவது இருந்திருக்கும். நீங்களும் மேல ஏறியிருக்க மாட்டீங்க."

அவர் அவள் முகத்தையே பார்த்தார். கண்ணிலிருந்து நீர் வழிந்து காதுக்குள் இறங்கியது. பிறகு முகத்தை அவள் வயிற்றுப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அவரைத் தூக்கி உட்கார வைக்கப் பார்த்தாள். முடியவில்லை. அக்குளில் கை கொடுத்து இழுத்தாள். இருவரும் சேர்ந்து சரிந்தார்கள். பக்கத்துத் தோட்டத்துக்குப் போன் போட்டாள், யாரும் எடுக்கவில்லை. சாலை வெகு தூரத்தில் இருந்தது. குரல் கொடுத்துப் பார்த்தாள், எதிர்க்காற்று அதை வாயிலேயே திருப்பிவிட்டது. வெயில் அவர் முகத்தில் விழுந்தது. மதுமதி வெயிலுக்கு முதுகு காட்டி, தன் நிழல் அவர் மேல் விழும்படி நகர்ந்து உட்கார்ந்தாள். யாராவது அந்தப் பக்கம் வரும்வரை அப்படியே இருக்க வேண்டியதுதான் என்று இருந்தாள்.